கைகட்டி மிஸ்

ஓவிய வகுப்பில் அவர் நடக்கும்போது இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் இருக்கும். இடது கை வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருக்கும். திருடனைப் பிடித்த போலீஸ்காரர்போல், தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே போய்வருவார். பிள்ளைகள் வைத்த பெயர் கைகட்டி மிஸ். அந்தப் பெயர் அவருக்குத் தெரியும். அதற்கு மட்டும் அவர் கோபப்பட்டதில்லை.

மற்ற எல்லாவற்றுக்கும் கோபப்பட்டார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் கோபம். ரப்பரை வெளியே எடுத்தால் கோபம். அவர் மேசை இழுப்பறையைத் திறந்தால் பழக்கடை வாசனை அடிக்கும். உள்ளே முழுக்கப் பிடுங்கிவைத்த வாசனை ரப்பர்கள். எல்லாவற்றிலும் பெரிய கோபம் அந்த இரண்டு மலைக்கு. இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், கீழே ஓர் ஆறு, ஆற்றங்கரையில் ஒரு குடிசை, மேலே டிக் அடித்ததுபோல் நாலு பறவை. எந்த வகுப்புக்குப் போய் “உனக்குப் பிடித்ததை வரை” என்றாலும் பாதிப் பேர் இதைத்தான் வரைவார்கள்.

“இந்தச் சூரியன எங்க பாத்த?” என்று ஒருமுறை ஒரு பையனைக் கேட்டார்.

“மலைக்கு நடுவுல மிஸ்.”

“எந்த மலைக்கு?”

“படத்துல இருக்கிற மலைக்கு மிஸ்.”

“நம்ம ஊர்ல மலை இருக்கா?”

“இல்ல மிஸ்.”

“அப்ப சூரியன் எங்கேர்ந்து வருது?”

பையன் யோசித்தான். “எதிர் வீட்டுத் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடியிருந்து மிஸ்.”

“அத வரையறதுக்கு உனக்கு என்ன கேடு?”

வகுப்பே சிரித்தது. பையனும் சிரித்தான். மிஸ் சிரிக்கவில்லை. அவர் உண்மையிலேயே கேட்டார். கண் முன்னால் தினமும் ஒரு சூரியன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து எழுந்து வரும்போது, யாரோ எப்போதோ வரைந்த சூரியனை ஒரு பிள்ளை ஏன் வரைகிறது? இந்தக் கேள்வியைச் சாதாரணமானது என்று நினைப்பவர்கள் அதற்குப் பதில் சொல்லிப் பார்க்கலாம். எனக்குத் தெரிந்து பெரியவர்கள் பலர் வாழ்க்கை முழுக்க அந்த இரண்டு மலையைத்தான் வரைந்துகொண்டிருக்கிறார்கள்.

அவரை நியாயவாதி என்று சொல்ல மாட்டேன். கார் படங்களைப் பத்திரிகையிலிருந்து பார்த்து அச்சு அசலாக வரையும் மாணவன் ஒருவன் இருந்தான். சக்கரத்தின் ஒவ்வொரு கம்பியையும் பொறுமையாகப் போடுவான். அவனை வகுப்பின் நடுவே நிற்கவைத்து, “நீ மனுஷனா மெஷினா?” என்று கேட்டுவிட்டார். அவன் அதற்குப் பிறகு எதையும் வரையவில்லை. பார்த்து வரைவதும் கண்ணுக்கு ஒரு பயிற்சிதான் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கோபம் வந்தால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும். அந்தப் பையன் விஷயத்தில் அவர் செய்தது தப்பு. கடைசிவரை அவர் அதை ஒப்புக்கொள்ளவும் இல்லை.

ஆனாலும் அந்தக் கோபத்துக்கு ஒரு வேர் இருந்தது.

சின்ன வயதில் அவர் ஒரு கிளி வரைந்தார். பள்ளிப் போட்டிக்காக. கிளியின் உடம்பும் வாலும் வந்துவிட்டன. மூக்கும் கண்ணும் வரவில்லை. ஓவிய சார் வந்து தாளைத் தன் பக்கம் இழுத்து, “இப்பிடிக் குடு” என்று பென்சிலை வாங்கி நாலு இழுப்பில் மூக்கை முடித்து, கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளியும் வைத்துக் கொடுத்துவிட்டார். முதல் பரிசு. அம்மா அதைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார். வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் அதன் முன்னால் நின்று ஒரே வசனத்தைச் சொன்னார்கள்: “உடம்ப விடு, அந்த மூக்கப் பாரேன்! அந்தக் கண்ணப் பாரேன், உயிரோட இருக்கு!” சிறுமி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். பாராட்டப்பட்ட எதுவும் அவளுடையது இல்லை. அவளுடைய வாலை ஒருவரும் பார்க்கவில்லை. இன்றுவரை அண்ணன் வீட்டுக்குப் போனால் அண்ணி காபியைக் கையில் கொடுத்துவிட்டு, “அந்தக் கிளி மாதிரி இன்னொண்ணு வரைஞ்சு குடேன், இந்தச் சுவருக்கு நல்லாருக்கும்” என்பார். அந்த வீட்டில் மிஸ் அதிக நேரம் உட்காருவதில்லை.

அதனால்தான் கைகட்டு. மாணவர் தாளில் ஆசிரியர் கை படக் கூடாது. ஒரு புள்ளிகூடக் கூடாது.

இதை அவர் கொண்டுவந்தபோது பள்ளியில் ஒரு பெரிய குழப்பம் நடந்தது. அவருக்கு முன்னால் இருந்த ஓவிய ஆசிரியர் நல்ல கைக்காரர். கண்காட்சிக்கு முந்தைய வாரம் முழுவதும் உட்கார்ந்து எல்லாப் பிள்ளைகளின் படத்துக்கும் ‘ஃபினிஷிங்’ கொடுப்பார். பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது. முகம் வரைந்தால் கண்ணை விட்டுவிடுவார்கள். கண்ணை சார் வைப்பார். அதுதான் வழக்கம், வகுப்பில் கொடுத்த தாளில் தன் பெயரை எழுதுவதுபோல் அவ்வளவு இயல்பு. புதிதாக வந்த மிஸ்ஸுக்கு இந்த வழக்கத்தை யாரும் சொல்லவில்லை. மிஸ் தன் விதியையும் சரியாக விளக்கவில்லை. படங்களை வாங்கினார், அப்படியே மாட்டினார். பெற்றோர்கள் உள்ளே வந்தபோது நாலு சுவரிலும் கண் இல்லாத அம்மாக்கள், கண் இல்லாத போலீஸ்காரர்கள், கண் இல்லாத மணப்பெண்கள். ஒரு குழந்தை பயந்து அழுதது.

பிரின்சிபால் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். “என்ன மேடம் இது? பேய் வீடு மாதிரி இருக்கு!”

“பசங்க கண்ணு வரையல சார்.”

“நீங்க வச்சிருக்கலாம்ல?”

“அவங்களுக்குக் கண்ணு இருக்கு சார். அவங்கதான் வைக்கணும்.”

அடுத்த நாள் வகுப்பில் எல்லோருக்கும் படம் திரும்பக் கொடுக்கப்பட்டது. அந்த மாதம் முழுக்கக் கண் மட்டும்தான். பக்கத்தில் இருப்பவனின் கண்ணைப் பார்த்து வரைய வேண்டும். பெரும்பாலான கண்கள் கோணலாக வந்தன. ஒன்று பெரிதாக, ஒன்று சின்னதாக. மிஸ் கையைக் கட்டிக்கொண்டு நடந்தார். “இவன் இமை எங்க போச்சு?” “இது கண்ணா, மீனா?” “மறுபடி பாரு. அவன் மூஞ்சியப் பாரு, என் மூஞ்சிய ஏன் பாக்கற?” கத்தல்தான். ஆனால் கத்தல் முழுக்கக் கேள்வியாகவே இருந்தது. அதுதான் அவர் கற்றுக்கொடுத்த முறை. எதையும் திருத்த மாட்டார், கேள்வி கேட்பார். இந்தக் கோடு ஏன் இங்கே என்று கேட்டால் வரைந்தவரிடம் ஒரு காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணம் வரைந்தவரின் சொந்தமாக இருக்க வேண்டும். சொந்தப் படைப்பு என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் தத்துவப் புத்தகங்களில் தேடியிருக்கிறேன். கிடைத்தவை எல்லாம் இதைவிட நீளம்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த வீட்டுக்காரர் ஜெராக்ஸ் கடைக்காரர்.

பள்ளிக்கு அடுத்த தெருவின் முனையில் கடை. இரண்டு நகல் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பெரிய பிரிண்டர். வாசலில் பலகை: ‘பழைய படங்கள் கறை நீக்கிப் புதிதாக்கித் தரப்படும்.’ தாத்தாவின் கல்யாணப் போட்டோவில் பூஞ்சை படிந்திருந்தால் துடைத்துக் கொடுப்பார். கிழிந்த சான்றிதழை ஒட்டுப் போட்டதே தெரியாமல் செய்துகொடுப்பார். அதில் மனிதருக்கு ஒரு பெருமை. முகத்தில் மருவோடு வந்தவர்கள் மரு இல்லாமல் போவார்கள். இந்தக் கடைக்குத்தான் மிஸ்ஸின் மாணவர்களே, மிஸ் வராத நேரம் பார்த்து, இணையத்திலிருந்து எடுத்த படங்களைப் பெரிதாக்க வருவார்கள். அடியில் வைத்துக் கோடு இழுக்க.

“உங்க கடைய மூடினா எனக்குப் பாதி வேலை மிச்சம்” என்பார் மிஸ்.

“மூடினா நாம சாப்பாட்டையும் வரைஞ்சுதான் சாப்பிடணும்” என்பார் அவர்.

சண்டை என்றால் இப்படித்தான். பெரிதாகப் போனதில்லை. இந்த வருடம் போனது.

இந்த வருடக் கண்காட்சிக்கு மிஸ் ஒன்பதாம் வகுப்புக்குக் கொடுத்த வேலை இது: வீட்டில் தினமும் பார்த்தும் பார்க்காத ஓர் இடத்தை வரைந்து வா. பலர் ஜன்னல் வரைந்தார்கள். சிலர் டி.வி. வரைந்தார்கள், “டி.வி.ய நீ பாக்காம வேற யாரு பாக்கறா?” என்று திட்டு வாங்கினார்கள். ஒரு பெண் மட்டும் சமையலறை சிங்க்குக்கு அடியில் இருக்கும் இடத்தை வரைந்துகொண்டு வந்தாள்.

வகுப்பில் அவளைத் தும்மல் என்று கூப்பிடுவார்கள். கரிக்கோல் தூள் கொஞ்சம் பறந்தாலும் தும்முவாள். நன்றாக வரைபவள் என்று யாரும் நினைத்ததில்லை, அவளும் நினைத்ததில்லை. ஆனால் இந்தப் படத்துக்காகத் தரையில் உட்கார்ந்து, கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டுப் பார்த்திருக்கிறாள். அது தாளில் தெரிந்தது. மேலே இருட்டாகத் தொங்கும் தொட்டியின் வயிறு. அதிலிருந்து இறங்கி முழங்கால் மடக்கியதுபோல் வளையும் பைப். பின்னால் காய்ந்த துணி ஒன்று, பாதி காலியான பாட்டில் ஒன்று. கீழே ஒரு வாளி.

மிஸ் வெகு நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: “வாளி ஏன் அங்க இருக்கு?”

“எப்பவும் அங்கதான் மிஸ் இருக்கும்.”

“ஏன்?”

“எங்கம்மா வச்சிருக்காங்க.”

“ஏன் வச்சிருக்காங்க?”

“பைப் கசியும் மிஸ். அதான்.”

“உன் படத்துல கசியலையே. கசியாத பைப்புக்கு அடியில உங்கம்மா எதுக்கு வாளி வைக்கணும்? உங்கம்மா என்ன லூசா?”

பெண்ணுக்கு முகம் சிவந்தது. அம்மாவைச் சொன்னதால் வந்த கோபம். படத்தைப் பறித்துக்கொண்டு போனாள். அடுத்த வகுப்பில் கொண்டுவந்தபோது பைப்பின் வளைவில் பழுப்பாக ஒரு கறை. வளைவிலிருந்து ஒரு கோடாக இறங்கி, பாதியில் தாளே கொஞ்சம் ஊறிச் சுருங்கி, வாளிக்குள் போயிருந்தது.

“என்ன கலர் போட்ட?” என்றார் மிஸ்.

“கலர் இல்ல மிஸ். வாளியில இருந்த தண்ணியத்தான் தொட்டுத் தடவினேன். துரு இருந்துச்சு.”

மிஸ் ஜன்னல் பக்கம் போய்விட்டார். பாராட்டவில்லை. மணிக்கட்டைப் பிடித்திருந்த கை மட்டும் இன்னும் இறுகியது. அன்றிலிருந்து அவருக்கு இந்த வருடக் கண்காட்சி என்றால் ஒரே ஒரு விஷயம்தான்: அந்தப் படம், அந்தக் கறையோடு, அந்தப் பெண்ணின் கை பட்டது பட்டபடி, சுவரில் ஏற வேண்டும். மற்றதெல்லாம் எப்படிப் போனாலும் சரி.

பிரின்சிபாலுக்கும் அந்தப் படம் பிடித்துவிட்டது. அதுதான் வினையாகிப்போனது.

“வித்தியாசமா இருக்கு மேடம். அழைப்பிதழ் அட்டையில போட்டுடலாம். வாசல்லயும் பெருசா ஒண்ணு வைக்கலாம்” என்று படத்தை அலுவலகத்துக்கு அனுப்பினார். அலுவலகத்துப் பையன் பக்கத்துத் தெருக் கடைக்கு எடுத்துப் போனான். கடைக்காரருக்கு அது மனைவியின் வகுப்புப் படம் என்று தெரியும். யார் வரைந்தது என்று தெரியாது. மனைவியின் பேர் கெட்டுவிடக் கூடாதே என்று தன்னால் முடிந்ததைச் செய்தார்.

கண்காட்சி நாள் காலை, மிஸ் பள்ளியின் பெரிய கூடத்துக்குள் நுழைந்தபோது வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில், ஆள் உயரத்துக்கு, பளபளப்பான சட்டத்துக்குள் அந்தச் சிங்க் இருந்தது. ஏணியில் வீட்டுக்காரர் நின்று, வாயில் இரண்டு ஆணியைக் கடித்துக்கொண்டு, சட்டம் நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கறை இல்லை. பைப் பளிச்சென்று இருந்தது. தாள் சுருங்கியிருந்த இடம் வழவழவென்று இருந்தது. காய்ந்த துணியின் அழுக்குக்கூடக் காணாமல் போயிருந்தது. புது வீட்டு விளம்பரம் மாதிரி.

“இறங்குங்க” என்றார் மிஸ்.

“இரு, இந்த மூலை கொஞ்சம்...”

“இறங்குங்கன்னேன்.”

குரலைக் கேட்டதும் அவர் ஆணியை வாயிலிருந்து எடுத்தார். இறங்கவில்லை.

“யாரு தொடச்சது?”

“நான்தான். ஏன், நல்லா வரலையா? தண்ணி கொட்டி நாசமாகியிருந்துச்சும்மா. வளைவுல பெருசா ஒரு கறை. அத எடுக்கறதுக்குள்ள கண்ணு பூத்துப்போச்சு. தெரியுதா பாரு, இங்க ஒரு கறை இருந்ததே தெரியாது!”

“அந்தக் கறைதாங்க படம்!”

ஏணியில் நின்றவருக்குப் புரியவில்லை. நல்லது செய்துவிட்டுத் திட்டு வாங்குபவரின் முகம் அவருக்கு. “உனக்கு எது செஞ்சாலும் குத்தம்தான்” என்றார். “கறைய எடுக்கறதுதான என் தொழிலு? பலகையிலயே போட்டிருக்கு.”

“வீட்டுக்கு வாங்க, உங்க பலகையப் பத்திப் பேசிக்கலாம்.”

பிரின்சிபால் வந்தார். கையில், வாசலில் கொடுப்பதற்காகக் காலையில்தான் அச்சாகி வந்த அழைப்பிதழ் கட்டு. ஒவ்வொன்றின் அட்டையிலும் சுத்தமான பைப்.

“என்ன மேடம், காலையிலயே?”

“இது அந்தப் பொண்ணு வரைஞ்சது இல்ல சார். அவ படத்த மாட்டணும்.”

“ஒரிஜினல் பத்திரமா என் பீரோவுல இருக்கு மேடம். கவலைப்படாதீங்க. ஆனா அத வாசல்ல வைக்க முடியாது. கறையா இருக்கு. பேரண்ட்ஸ் வந்து, நம்ம ஸ்கூல்ல படத்தக் கூடப் பத்திரமா வச்சுக்கத் தெரியாதான்னு கேப்பாங்க.”

“கேக்கட்டும். நான் பதில் சொல்றேன்.”

“நீங்க பதில் சொன்னீங்கன்னா அவங்க அடுத்த வருஷம் புள்ளைய வேற ஸ்கூலுக்கு மாத்திடுவாங்க” என்று சிரித்தார் பிரின்சிபால். கெட்டவர் இல்லை. கண் இல்லாத கண்காட்சியை அவர் மறக்கவில்லை, அவ்வளவுதான். “சரி, ஒரு வழி சொல்றேன். அந்தப் பொண்ணையே கேப்போம். அவளுக்கு எது பிடிக்குதோ அத மாட்டிடுவோம். சரியா? அவ படம்தான?”

மிஸ் பீரோவிலிருந்து படத்தை எடுத்துவரச் செய்தார். பெண்ணும் வந்தாள். சீருடை மடிப்புக் கலையாமல், தலை படிய வாரி, கண்காட்சிக்கு வந்தவள். சுவரைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஐயோ! என்னோடதா இது? இவ்ளோ பெருசா?”

“பிடிச்சிருக்காம்மா?” என்றார் பிரின்சிபால்.

“சூப்பரா இருக்கு சார்! என்னுது மாதிரியே இல்ல!”

பிரின்சிபால் மிஸ்ஸைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு ‘பாத்தீங்களா’ என்று அர்த்தம்.

அந்த நேரத்தில் மிஸ்ஸுக்கு வந்த கோபம் வேறு மாதிரியானது. வீட்டுக்காரர் மேலும் இல்லை, பிரின்சிபால் மேலும் இல்லை. இத்தனை மாதம் தரையில் உட்காரவைத்து, தலையை உள்ளே விடவைத்து, கேள்வி மேல் கேள்வி கேட்டு என்ன மிஞ்சியது? ‘என்னுது மாதிரியே இல்ல’ என்று சந்தோஷப்படும் ஒரு பெண். அந்தச் சுவரில் அவருக்கு ஒரு கிளியின் மூக்கு தெரிந்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். பயந்துகொண்டாவது அந்தப் பெண் தன் படத்தைக் காட்டியிருப்பாள். பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லப் பழகியவர்கள்.

அவர் சொல்லவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். இடது கை வலது மணிக்கட்டைப் பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

எளிதில் யாரையும் பாராட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை. இந்த இடத்தில் மட்டும் அவருக்கு ஒரு மதிப்பெண் தருகிறேன். தாளில் கை வைக்காமல் இருப்பது சுலபம். எது உன்னுடையது என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து, அதையே தன் முடிவாக அவள் தலையில் ஏற்றிவிடாமல் நிற்பது சுலபம் இல்லை. அவள் தேர்வில் கை வைத்தாலும் அதுவும் ஃபினிஷிங்தான்.

“அப்ப இதுவே இருக்கட்டும்” என்றார் பிரின்சிபால்.

பெண் இன்னும் கிட்டே போனாள். சட்டத்துப் பளபளப்பில் தன் முகம் தெரிகிறதா என்று பார்த்தாள். ஒரு தும்மல் தும்மினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு பைப்பைப் பார்த்தாள். கீழே வாளியைப் பார்த்தாள். மறுபடி பைப்பைப் பார்த்தாள்.

“அங்கிள்” என்றாள், ஏணியைப் பார்த்து. “இங்க ஒரு கறை இருந்துச்சே?”

“தொடச்சுட்டேன்மா” என்றார் அவர், ஓரளவு நிம்மதியோடு. இந்த ஊரில் ஒருவராவது கவனித்தாரே.

“அது கறை இல்ல அங்கிள். கசிவு.”

“எதுவோ ஒண்ணு. இப்பப் பாரு, சுத்தமா இருக்கு.”

“அப்ப வாளி ஏன் அங்க இருக்கு?”

“வாளின்னா இருக்கும்லம்மா. நீதான வரைஞ்ச?”

“கசியறதுக்குத்தான் வரைஞ்சேன்!” பெண்ணின் குரல் ஏறியது. “கசியாத பைப்புக்கு எங்கம்மா எதுக்கு வாளி வைக்கணும்? பாக்கறவங்க எங்கம்மாவ லூசுன்னு நெனப்பாங்க!” பிரின்சிபால் பக்கம் திரும்பினாள். “சார், இது தப்பு சார். இது என்னுது இல்ல.” பிறகு மிஸ் பக்கம் திரும்பினாள், இதுவரை யாரும் அந்த மிஸ்ஸிடம் பேசாத தொனியில் கேட்டாள்: “மிஸ், நீங்க வந்ததுமே பாத்துட்டீங்க இல்ல? ஏன் மிஸ் சொல்லல? நான் பாட்டுக்கு சூப்பரா இருக்குன்னு சொல்லிட்டு நிக்கறேன்!”

“உன் படம். நீ பாக்கணும்.”

“எனக்கு எரியுது மிஸ்!”

“எனக்கு மட்டும் குளுகுளுன்னா இருக்கு?”

பிரின்சிபால் இருவருக்கும் நடுவில் கையை நீட்டினார். “சரி சரி. அம்மா, இங்க பாரு. உன் படம் சின்னது. இவ்ளோ பெரிய சுவர்ல மாட்டினா சுத்தி வெறும் சுவரா தெரியும்.”

“தெரியட்டும் சார்.”

“நேரமாச்சும்மா...”

“நீங்கதான சார் என்னக் கேக்கலாம்னு சொன்னீங்க?”

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிரின்சிபால் அழைப்பிதழ் கட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “என்னமோ பண்ணுங்க, ஆனா சட்டுனு பண்ணுங்க” என்று விருந்தினரை வரவேற்கப் போனார்.

ஏணியில் நின்றவர் தனியாக மாட்டிக்கொண்டார். கீழே பெண் தன் தாளை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து நின்றாள். பக்கத்தில் மனைவி, கை கட்டியபடி. அவர் ஒருமுறை தன் பிரிண்ட்டைப் பார்த்தார். வருத்தமாகத்தான் இருந்தது, அது நல்ல வேலை. பிறகு சட்டத்தைக் கழற்றினார்.

“எனக்கு ராத்திரி சோறு வேணும்பா” என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டார்.

“கிடைக்காது” என்றார் மிஸ்.

தாள் சுவரில் ஏறியது. நாலு மூலையிலும் நாலு கிளிப். பிரின்சிபால் சொன்னது சரிதான். சுற்றிலும் வெறும் சுவராகத்தான் தெரிந்தது. பெரிய சட்டம் தொங்கிய இடத்தில் ஆணிகள் துருத்திக்கொண்டு நின்றன.

கண்காட்சி நடந்தது. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் படத்தை நின்று பார்க்கவில்லை. ஓர் அம்மா தன் கணவரிடம், “பாவம், யாரோ தண்ணியக் கொட்டிட்டாங்க போல” என்று சொல்லிக்கொண்டு நகர்ந்தார். இன்னொருவர் கைப்பேசியில் பேசிக்கொண்டே அதன்மேல் சாய்ந்து நிற்கப் போக, மிஸ், “சுவத்த விட்டுத் தள்ளி நில்லுங்க!” என்று ஒரு கத்துக் கத்தினார். கூடமே திரும்பிப் பார்த்தது. கூட்டம் ஏற ஏற உள்ளே புழுக்கம். ஆளுக்கொரு அழைப்பிதழை எடுத்து விசிற ஆரம்பித்தார்கள். கூடம் முழுவதும் கசியாத பைப்புகள் படபடத்தன. திரும்பப் பெற முடியாது; எல்லார் கைக்கும் போய்விட்டது. மிஸ்ஸின் கண் ஒவ்வொரு கையாகப் போய் ஒவ்வொரு பைப்பையும் பார்த்துப் பார்த்து எரிந்தது. நாளைக்கு அந்தப் பெண்ணின் வீட்டுக் கூடத்தில் மாட்டப்படுவது இந்த அட்டையாகத்தான் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். அண்ணன் வீட்டுச் சுவர் நினைவுக்கு வராமல் இருந்திருக்காது.

மதியத்துக்குப் பக்கத்தில் யாரோ ஒரு மாணவனின் அப்பா, விசிறிக்கொண்டே அந்தப் படத்தின் முன்னால் நின்றார். குனிந்தார். விசிறுவதை நிறுத்திவிட்டு வளைவைச் சுட்டிக்காட்டி, பக்கத்தில் யாரும் இல்லாததால் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்:

“வாஷர் போயிருச்சு. மாத்தலன்னா அடிப்பலகையெல்லாம் ஊறிடும்.”

தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த பெண் மிஸ்ஸிடம் ஓடினாள்.

“மிஸ்! மிஸ்! அவரு கசியறதப் பாத்துட்டாரு மிஸ்!”

மிஸ் அந்த மனிதரைப் பார்த்தார். அவர் கையில் இருந்த அட்டையைப் பார்த்தார். கசிவைக் கண்டுபிடித்தவர் கையிலும் கசியாத பைப்தான். மறுபடி விசிறிக்கொண்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

“பாட்டில் எதுக்கு அங்க இருக்கு?” என்றார் மிஸ்.

“எந்தப் பாட்டில்?”

“பின்னாடி. பாதி காலியா. அது ஏன் அங்க இருக்கு? அதுல என்ன இருந்துச்சு?”

பெண் வாயைத் திறந்தாள். திரும்பிச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். மூக்கு விடைத்தது, தும்மல் வரப் போகிறதா கோபம் வரப் போகிறதா என்று சொல்ல முடியாதபடி. மிஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.